பின்னட்டையில் இருக்கும் பெயர்கள்

ஒரு புதிய ஆல்பம் கிடைத்தால் நான் முதலில் திருப்பிப் பார்ப்பது பின்னட்டையைத்தான். பாடியவர் யார் என்பதை முன்னட்டையே சொல்லிவிடும். ஒலிப்பதிவு செய்தவர், மிக்சிங் செய்தவர், கடைசியில் ஒலியைச் சீராக்கி வெளியே அனுப்பியவர் ஆகியோரின் பெயர்கள் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும். கைப்பேசியில் பாட்டுக் கேட்பவர்கள், பாடலின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் பல செயலிகளில் இதே பட்டியல் வரும். பெரும்பாலும் அதில் இருப்பவை ஆண்களின் பெயர்கள்.

அப்படிப் பார்த்துப் பழகிய எனக்கு, லண்டனில் இயங்கும் ‘ட்ரீம் வைஃப்’ குழுவின் இரண்டாவது ஆல்பம் ஓர் ஆச்சரியம். ‘சோ வென் யூ கோனா...’ என்பது அதன் பெயர். 2020 ஜூலை 3ஆம் தேதி வெளிவந்தது. மொத்தம் 11 பாடல்கள். தயாரிப்பும் மிக்சிங்கும் மார்த்தா சலோனி. ஒலிப்பதிவுப் பொறியாளர் கிரேஸ் பேங்ஸ். மாஸ்டரிங் ஹெபா காத்ரி. மூவரும் பெண்கள்.

பெண்ணுரிமை பேசும் பாடல்கள் பாப் இசையில் ஏராளம். துணிச்சலான வரிகளைப் பெண் பாடுவார்; அந்தக் குரலைப் பதிவு செய்யும் அறையில் அவரைத் தவிர வேறு பெண் இருக்கமாட்டார். ட்ரீம் வைஃப் குழு அந்த இடத்தில்தான் கை வைத்தது. மேடையில் சொல்வதைப் பதிவறையிலும் செய்து காட்ட வேண்டும் என்பதே தங்கள் நோக்கம் என்று அவர்கள் அப்போது கூறினார்கள். இந்த ஆல்பத்தை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த நான் விரும்புவதற்கு அதுவே முதல் காரணம்.

விளையாட்டாகத் தொடங்கிய குழு

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் கடலோர நகரம் பிரைட்டன். அங்கே கலை படித்துக்கொண்டிருந்த மூவர் 2014இல் ஒரு கலைப்படைப்புக்காக ஓர் இசைக்குழுவை இட்டுக்கட்டினார்கள். இல்லாத ஒரு பெண்கள் குழுவைப் பற்றி, உண்மைபோலத் தோன்றும் ஒரு கேலி ஆவணப்படம் எடுப்பது திட்டம். படத்துக்காகப் பாட்டு எழுதினார்கள், வாசித்தார்கள். பிடித்துப்போய்விட்டது. பொய்க் குழு நிஜக் குழுவானது.

பாடுபவர் ராக்கல் மியோல். ஐஸ்லாந்தைச் சேர்ந்தவர். கிட்டார் ஆலிஸ் கோ. பேஸ் கிட்டார் பெல்லா பொட்பாடெக். பெல்லா, ஆண் பெண் என்ற இரண்டு பிரிவுக்குள் தம்மை வைத்துக்கொள்ளாதவர். டிரம் வாசிக்க அலெக்ஸ் பேவ்லி சேர்ந்துகொண்டார். அவர் ஆண். ஆண்களே கூடாது என்று கதவடைத்த குழு இல்லை இது.

குழுவின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ‘ட்ரீம் வைஃப்’ என்பது 1953இல் வந்த ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம். நாயகன் கேரி கிராண்ட், நாயகி டெபோரா கெர். நாயகி அரசாங்கத்தில் பொறுப்பான வேலை பார்ப்பவர். வேலையே கதியென்று இருக்கிறார். அது நாயகனுக்குப் பிடிக்கவில்லை. கணவனின் மனம் கோணாமல் நடக்கவே வளர்க்கப்பட்ட ஒரு கற்பனை நாட்டு இளவரசியை மணக்கப் புறப்படுகிறார். கனவு மனைவி என்றால் அவருக்கு அதுதான். படத்தை இயக்கியவர் சிட்னி ஷெல்டன். ஆமாம், நம்மில் பலர் நூலகத்தில் எடுத்து ஒரே மூச்சில் படித்து முடித்த அந்த நாவல்களை எழுதிய அதே ஷெல்டன்.

அந்தப் பெயரைக் குழுவுக்கு வைத்துக்கொண்டு, கிட்டாரை உரக்க அலறவிட்டுப் பாடும்போது ஒரு நையாண்டி பிறக்கிறது. ‘நீங்கள் கேட்ட கனவு மனைவி இதோ’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுபோல.

ஒரே வாரத்தில் நடந்த மூன்று விஷயங்கள்

குழுவின் முதல் ஆல்பம் 2018 ஜனவரி 26இல் ‘லக்கி நம்பர்’ என்ற தனித்த நிறுவனத்தின் வழியே வந்தது. இண்டி இசை என்று நாம் சொல்வது இதைத்தான்: உலகின் பெரிய இசை நிறுவனங்களின் பிடிக்குள் இல்லாமல், சிறு நிறுவனம் ஒன்றின் துணையோடு தங்கள் போக்கில் இசை அமைப்பது. முதல் ஆல்பத்தில் ‘சம்பாடி’ என்ற பாடல் பலரைக் கவர்ந்தது. உடலை வைத்தே ஒரு பெண்ணை எடைபோடுவதை எதிர்க்கும் பாடல் அது. ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் நடக்கும் ஒரு பெண்கள் பேரணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பாலியல் தொல்லைக்கு ஆளாகாமல் இருக்கப் பெண்கள் உடையில் கவனமாக இருக்க வேண்டும் என்று கனடாவின் டொரோண்டோவில் ஒரு போலீஸ் அதிகாரி பேசியதைக் கண்டித்து 2011இல் தொடங்கி, பல நாடுகளுக்கும் பரவிய பேரணி அது.

அந்த ஆல்பம் வெளியான அதே வாரத்தில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு அறிக்கை வந்தது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பெர்க் ஆய்வுக்குழு, 2012 முதல் 2017 வரை புகழ்பெற்ற 600 பாடல்களை எடுத்துக்கொண்டு அவற்றில் யார் யார் வேலை செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்திருந்தது. பாடகர்களில் 22.4 விழுக்காட்டினர் பெண்கள். பாடல் எழுதியவர்களில் 12.3 விழுக்காடு. அவற்றில் ஒரு பகுதிப் பாடல்களின் தயாரிப்பாளர்களை எண்ணியபோது பெண்கள் வெறும் 2 விழுக்காடு.

அடுத்த சில நாள்களில் நியூயார்க்கில் கிராமி விருது விழா நடந்தது. விருது பெற்றவர்களில் பெண்கள் ஏன் குறைவு என்று நிருபர்கள் கேட்டபோது, அந்த அமைப்பின் அப்போதைய தலைவர் நீல் போர்ட்னோ, பெண்கள் இன்னும் முன்வர வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. கதவைச் சாத்திவிட்டு ‘உள்ளே வரலாமே’ என்பதுபோல இருக்கிறது என்று பெண் கலைஞர்கள் கொதித்தார்கள்.

கிராமியில் ஆண்டின் சிறந்த இசைத் தயாரிப்பாளர் என்று ஒரு விருது உண்டு. செவ்வியல் இசை அல்லாத பிரிவில், 2025 வரை ஒரு பெண்கூட அதை வாங்கியதில்லை. 2019 விழாவுக்கு லிண்டா பெர்ரியின் பெயர் முன்மொழியப்பட்டபோது, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒரு பெண் இடம்பெறுகிறார் என்பதே செய்தியானது.

தயாரிப்பாளர் என்றால் யார்?

நமக்குத் தயாரிப்பாளர் என்றால் சினிமாவுக்குப் பணம் போடுபவர். இசை உலகில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. பாட்டின் வேகம் என்ன, எந்தக் கருவி எங்கே நுழைய வேண்டும், பாடகர் எடுத்த பத்து டேக்கில் எது உயிரோடு இருக்கிறது, எந்தப் பாட்டை விட்டுவிடலாம் என்றெல்லாம் முடிவெடுப்பவர் அவர். சினிமாவில் இயக்குநர் செய்யும் வேலைக்கு நெருக்கமானது.

ஒலிப்பதிவுப் பொறியாளர் மைக்கை எங்கே வைப்பது, எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொள்வார். மிக்சிங் செய்பவர் தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றுசேர்த்து, எது முன்னால் கேட்க வேண்டும், எது பின்னால் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பார். மாஸ்டரிங் கடைசிப் படி. எல்லாப் பாடல்களும் ஒரே சீராக, காரிலும் காதொலிக் கருவியிலும் பெரிய ஸ்பீக்கரிலும் நன்றாகக் கேட்கும்படி செய்வது.

இந்த வேலைகளில் கொஞ்சம் எனக்குப் பழக்கம் உண்டு. கிள்ளானில் என் மாமா ஒருவர் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விட்டார். பல்கலைக்கழக விடுமுறையில் அவருக்கு உதவியாகப் போவேன். கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளிக் கலைநிகழ்ச்சி என்று வார இறுதி முழுக்க வேலை இருக்கும். எந்தப் பொத்தான் எதற்கு என்று மாமா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் ஆண்டிலேயே நிகழ்ச்சி முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டு அவர் வேனில் போய் உட்கார்ந்துகொள்வார்.

மிக்சர் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். மேடையில் மைக் கீச்சென்று கத்தும். அறிவிப்பாளர் ஓடி வருவார். என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, “சவுண்டுக்காரர் எங்கம்மா?” என்பார்.

“நான்தான் பார்க்கிறேன், சொல்லுங்கண்ணா.”

“பரவால்லம்மா, அவர் வரட்டும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மைக்கை நான் சரிசெய்திருப்பேன். அப்போதும் அவர் மாமாவைத் தேடி வெளியே போவார். ஒரு முறை, இரண்டு முறை என்றால் சிரித்துவிடலாம். மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா நிகழ்ச்சியிலும் இது நடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, விரட்டவில்லை. அந்த நாற்காலியில் நான் இருப்பது அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். படிப்பு முடிந்ததும் அலுவலக வேலைக்குப் போய்விட்டேன். அந்த 2 விழுக்காட்டைப் படித்தபோது எனக்கு அது வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

நாற்காலியை நிரப்பிய மூவர்

2018 சுற்றுப்பயணத்திலேயே ட்ரீம் வைஃப் ஒரு வேலை செய்தது. தங்களுக்கு முன்னால் மேடையேற உள்ளூர்ப் பெண் கலைஞர்களுக்கும், ஆண் பெண் பிரிவுக்குள் அடங்காத கலைஞர்களுக்கும் வெளிப்படையாக அழைப்பு விடுத்தது. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். பெரிய விழாக்களில் ‘மேடையேற்றப் பெண்களே கிடைக்கவில்லை’ என்று சொல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு அதுவே ஒரு பதில்.

இரண்டாவது ஆல்பத்தில் அதே எண்ணம் பதிவறைக்குள் வந்தது. மார்த்தா சலோனி இத்தாலியில் பிறந்து லண்டனில் வேலை செய்பவர். ஐஸ்லாந்தின் புகழ்பெற்ற பாடகி பியோர்க்குடன் பணியாற்றியவர். ஹெபா காத்ரி எகிப்தைச் சேர்ந்தவர். நியூயார்க்கில் மாஸ்டரிங் துறையில் பெயர் வாங்கியவர். பெண் என்பதற்காகக் கருணை காட்டி இவர்களை அழைத்ததாக நினைத்துவிட வேண்டாம். எந்தக் குழுவும் வேலைக்கு எடுக்க விரும்பும் திறமைசாலிகள் இவர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மிக்சிங் செய்தவர் ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். முதல் ஆல்பத்தைவிட இதில் ராக்கலின் குரல் தெளிவாக முன்னால் நிற்கிறது. அவர் கிசுகிசுப்பதும், சிரிப்பதும், தொண்டை அடைப்பதும் கிட்டார் சத்தத்தில் அமுங்கவில்லை. பாடல்கள் பேசும் விஷயங்களைப் பார்க்கும்போது, அந்தத் தெளிவு எவ்வளவு தேவை என்று புரியும்.

‘எப்போ?’ என்ற கேள்வி

ஆல்பத்தின் தலைப்பை நம் பேச்சுத் தமிழில் சொன்னால், ‘அப்போ எப்போதான்...’ என்று இழுத்து நிறுத்துவதுபோல இருக்கும். தலைப்புப் பாடல் ஆசையையும் சம்மதத்தையும் பற்றியது. தனக்குப் பிடித்தவரைப் பார்த்துப் பெண்ணே முதலில் கேட்கிறாள். மறைக்காமல் கேட்பதும், எதிரில் இருப்பவரின் பதிலுக்குக் காத்திருப்பதும் இரண்டும் அதில் இருக்கின்றன.

நம் வீடுகளில் ‘எப்போ’ என்பது வேறு மாதிரிக் கேள்வி. “கல்யாணம் எப்போ?” அது முடிந்தால் “ஏதும் விசேஷம் உண்டா?” ஒரு பிள்ளை பிறந்தால் “அடுத்தது எப்போ?” விருந்துகளில் கையில் தட்டோடு நிற்கும் நம் பெண்களுக்கு இது மனப்பாடம். கேட்கப்படுபவளாக இருந்தே பழகிய என் காதில், கேட்பவளாக ஒரு பெண் பாடியது புதிதாக விழுந்தது.

ஆல்பம் ‘ஸ்போர்ட்ஸ்!’ என்ற துள்ளலான பாடலோடு தொடங்குகிறது. விளையாட்டு உலகின் வீராப்பைச் செல்லமாகக் கிண்டல் செய்யும் பாட்டு. அடுத்து வரும் ‘ஹஸ்தா லா விஸ்தா’ நீண்ட பயணம் முடிந்து ஊர் திரும்பும்போது எல்லாம் மாறியிருப்பதை ஏற்றுக்கொண்டு விடைகொடுப்பது. இதுவரை கலகலப்பு. ஐந்தாவது பாடலில் ஆல்பத்தின் முகம் மாறுகிறது.

அதன் பெயர் ‘டெம்பரரி’. கருச்சிதைவைப் பற்றிய பாடல். அந்த வேதனையைத் திரும்பத் திரும்ப அனுபவித்த ஒரு தோழிக்காக எழுதப்பட்டது. மெட்டு மென்மையானது. ஒப்பாரி இல்லை, அறிவுரை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதுபோல இருக்கிறது.

என் பெரியம்மா மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதல் முறை நடந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “அடுத்த தடவை நல்லா தங்கும்மா.” ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் போன பிள்ளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பத்தியம் சாப்பிட வேண்டும், எந்தக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று பேசினார்கள். இரண்டாவது முறை வெளியே சொல்லவே வேண்டாம் என்று வீட்டில் முடிவானது. அக்கா பத்து நாள் விடுப்பு எடுத்தார். அலுவலகத்தில் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார்கள்.

போன ஆண்டு ஈப்போவுக்குப் போகும் வழியில் காரில் இந்தப் பாட்டு ஓடியது. எதைப் பற்றிய பாட்டு என்று சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கெல்லாம் ஒரு பாட்டு இருக்கா?” என்றார். பிறகு, “இன்னொரு தடவை போடு” என்றார். தாப்பா தாண்டும்வரை அதையே கேட்டோம். அதற்குப் பிறகு, எத்தனையோ ஆண்டுகளில் முதல் முறையாக, அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவரே பேசினார்.

கடைசிப் பாடல்

ஆல்பத்தை முடித்துவைப்பது ‘ஆஃப்டர் தி ரெயின்’. கிட்டார் சத்தம் அடங்கி, பியானோவும் குரலும் மட்டும் மேலெழும் மெதுவான பாடல். கருவைக் கலைப்பதா, பெற்றுக்கொள்வதா என்ற முடிவை ஒரு பெண் எடுப்பதைப் பற்றியது.

நம் குடும்பங்களில் இதைப் பற்றி ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். சமயம், சட்டம், சொந்த அனுபவம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கும். அந்தப் பாடல் யாரோடும் வாதாடவில்லை. முடிவெடுக்க வேண்டிய பெண்ணின் தனிமையைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அது வந்த காலம் முக்கியமானது. 2019 மே மாதம் ராக்கலின் தாய்நாடான ஐஸ்லாந்தில், 22ஆவது வாரம் முடியும்வரை இந்த முடிவைப் பெண்ணிடமே விடும் சட்டம் நிறைவேறியது. அதே மாதம் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஏறக்குறைய முழுத் தடை விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டது. அக்டோபரில் வட அயர்லாந்தில் கருக்கலைப்பைக் குற்றமாகக் கருதும் நிலை முடிவுக்கு வந்தது. பெண்ணின் உடல் பற்றிய சட்டங்கள் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசைகளில் நகர்ந்த நேரம் அது. ஆல்பம் வெளிவந்து இரண்டு ஆண்டுகள்கூட முடியாத நிலையில், 2022 ஜூன் 24இல், அரை நூற்றாண்டாக அமெரிக்காவில் நடப்பில் இருந்த கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது.

ஐஸ்லாந்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975 அக்டோபர் 24இல் அந்த நாட்டுப் பெண்களில் 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நாடு விக்டிஸ் ஃபின்பொகடோட்டிரை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. மக்கள் வாக்களித்து அதிபராக்கிய உலகின் முதல் பெண் அவர். ராக்கல் பிறந்தது அப்படிப்பட்ட ஊரில். பாட்டில் சொல்வதை வேலையிலும் காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு அங்கே ஒரு வேர் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு

எல்லாப் பாடல்களும் ஒரே தரத்தில் இருக்கின்றன என்று சொல்லமாட்டேன். முதல் ஆல்பத்தில் இருந்த சீற்றம் இதில் குறைவு. அந்த அலறலுக்காகவே வந்த ரசிகர்களுக்கு இது கொஞ்சம் அடக்கமாகத் தெரியலாம். பின்பாதியில் ‘ஓல்ட் ஃபிளேம்’, ‘ஹோல்ட் ஆன் மீ’ போன்ற பாடல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நான்கைந்து முறை கேட்டும் எது எது என்று எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.

இன்னொரு சந்தேகமும் நியாயமானது. பெண்ணியம் இப்போது சட்டையில் அச்சடித்து விற்கும் சரக்காகவும் ஆகிவிட்டது. பாப் இசையில் அந்தச் சொல்லைப் போட்டால் கூட்டம் சேரும். இவர்களும் அப்படித்தானா? பாடல் வரிகளை மட்டும் பார்த்தால் பதில் சொல்வது கடினம். சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் சுலபம். தயாரிப்பு, மிக்சிங், ஒலிப்பதிவு, மாஸ்டரிங் ஆகிய பொறுப்புகள் பெண்களுக்குப் போயிருக்கின்றன. கோஷத்துக்கு ஆகும் செலவு குறைவு. இதற்குக் காசும் நம்பிக்கையும் தேவைப்பட்டிருக்கும்.

அதற்குப் பிறகு

2020 ஜூலை என்றால் நமக்கு நினைவிருக்கும். கோவிட் தொற்றால் உலகமே கதவடைத்திருந்த நேரம். மேடையில் ஆடிப் பாடியே வளர்ந்த குழுவுக்கு, மேடையே இல்லாத நேரத்தில் ஆல்பம் வந்தது. இருந்தும் பிரிட்டனின் ஆல்பம் வரிசையில் முதல் 20 இடங்களுக்குள் நுழைந்தது. ஒரு சிறு நிறுவனத்துக்கு அது பெரிய வெற்றி.

மூன்றாவது ஆல்பம் ‘சோஷியல் லூப்ரிகேஷன்’ 2023 ஜூனில் வந்தது. வழக்கம்போலப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். தயாரிப்பு: ஆலிஸ் கோ. குழுவின் கிட்டார் கலைஞரே தயாரிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மிக்சிங் செய்தவர்களில் ஆலன் மோல்டர் போன்ற அனுபவம் மிகுந்த ஆண்கள் இருந்தார்கள். அதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. யாரை வைத்து வேலை செய்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் இப்போது ஆலிஸ் இருந்தார்.

என் மாமா மிக்சரை என்னிடம் விட்டுவிட்டு வேனுக்குப் போனதை நினைத்துக்கொண்டேன். யாரோ ஒருவர் அருகில் உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தால்தான் இந்த வேலை கைவரும். இரண்டாவது ஆல்பத்தின்போது சலோனியும் பேங்ஸும் வேலை செய்வதை ஆலிஸ் நாள்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார். அது வீண்போகவில்லை என்பதற்கு மூன்றாவது ஆல்பமே சாட்சி.

வீட்டில் கேட்கலாமா?

பெற்றோர் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். ட்ரீம் வைஃப் பாடல்களில் சில இடங்களில் கொச்சையான சொற்கள் வரும். காதலையும் உடலையும் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவார்கள். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. பதின்ம வயது மகள் இருந்தால், முதலில் நீங்கள் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். என் கருத்தில், ‘டெம்பரரி’யை அம்மாவும் மகளும் சேர்ந்தே கேட்கலாம். புதிதாகக் கேட்பவர்கள் ‘ஹஸ்தா லா விஸ்தா’வில் தொடங்கி, ‘டெம்பரரி’, தலைப்புப் பாடல், ‘ஆஃப்டர் தி ரெயின்’ என்ற வரிசையில் போகலாம். பிடித்திருந்தால் முழு ஆல்பத்தையும் முதலிலிருந்து கேளுங்கள்.

ஆல்பத்தின் அதே பெயரில் குழு ஒரு பாட்காஸ்டும் நடத்தியது. இசையிலும் கலைத்துறையிலும் வேலை செய்யும் பெண்களையும் ஆண் பெண் பிரிவுக்குள் அடங்காதவர்களையும் அழைத்து, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், என்ன படித்தீர்கள், முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். பாட்டு பிடிக்காதவர்களுக்கும் அது பயன்படும்.

அண்மையில் உறவுக்கார மாணவி ஒருத்தி எஸ்பிஎம் முடித்துவிட்டு, “சவுண்ட் இஞ்சினியரிங் படிக்கட்டுமா அத்தை?” என்று என்னிடம் கேட்டாள். ராத்திரி வேலை, தூரப் பயணம், ஆண்கள் மட்டுமே இருக்கும் இடம் என்று அவள் அப்பா தயங்குகிறார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. இந்த வேலையில் ஏற்கெனவே இருக்கும் பெண்கள் பேசியதை அப்பாவும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கட்டும் என்று அந்த பாட்காஸ்டை இருவருக்கும் அனுப்பி வைத்தேன். அடுத்த மாதம் ஒரு கல்யாண நிகழ்ச்சிக்கு அவளை அழைத்துப் போவதாக மாமாவும் சொல்லியிருக்கிறார். மிக்சர் முன்னால் அவளைத்தான் உட்காரவைக்கப் போகிறாராம்.